பிளாஸ்திரி வாடை

அக்டோபர் 6, ஞாயிறு

பதினேழாவது வாளி பீர். பாட்டிலில் அடைத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாட்டிலைத் திறந்தேன். நுரை அழகாக எழுந்தது. நிறமும் தேன் போல. மூக்கருகே கொண்டுபோனால் – ஆஸ்பத்திரி. காயத்திலிருந்து உரித்த பிளாஸ்திரியை மோந்தது போல.

ஒரு பாட்டில் மட்டும் கெட்டிருக்கலாம் என்று இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

ருஃபினா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சா?"

"போச்சு."

"அப்ப மூணு பாட்டிலும் ஏன் காலியா இருக்கு?"

சோதித்துப் பார்க்க வேண்டாமா என்றேன். இருபத்திரண்டு வருடமாக வேதியியல் வாத்தியாரோடு குடித்தனம் நடத்துகிறாள், சோதனை என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மழை. தலைவலி. இரண்டாம் பிரிவுக்குப் பாடம் நடத்தவில்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

டென்சியோ வந்தான். ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டுகிறவன், என்னைப் 'பரே', தோழா என்றுதான் கூப்பிடுவான். மூன்று வருடம் முன்பு நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் பங்குபோட்டுப் படித்துத்தான் பீர் காய்ச்ச ஆரம்பித்தோம். அவன் வருடத்துக்கு நாலு வாளி, நான் ஆறு. ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"பரே, இது பீரா, எங்கம்மா முட்டியில ஒட்டின பிளாஸ்திரிய ஊறவெச்ச தண்ணியா?"

"சிரிக்காதே."

"சரி, ரெண்டு பாட்டில் குடு. ரோட்டுல யாருக்காவது அடிபட்டா ஊத்தறேன்."

அவன் போன பிறகு யோசித்தேன். குளோரின். சந்தேகமே இல்லை. லாரித் தண்ணீரில் குளோரினைக் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். அது முளைகட்டிய பார்லி மால்ட்டோடு சேர்ந்தால் வருகிற வாடை இதுதான், துளியில் துளி போதும். டென்சியோ வீட்டில் ஊற்றுத் தண்ணீர், அதனால்தான் அவன் பீரில் இந்தக் குறை இல்லை. அடுத்த வாளிக்குச் சுத்திகரித்த தண்ணீர் கேன் வாங்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடுகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மகள் மாயுமி மணிலாவிலிருந்து பேசினாள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம். பிப்ரவரி 22. இங்கேயே, பாகியோவில். ருஃபினா போனை வாங்கிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு யாரை அழைப்பது என்று சண்டை பிடித்தாள். கடைசியில் என்னிடம் கொடுத்தாள்.

"பப்பா, மேசைக்கு மேசை உங்க பீர்தான் இருக்கணும். கடைச் சரக்கு ஒண்ணுகூட வேணாம். அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட இப்பவே பெருமையடிச்சு வெச்சிருக்கேன்."

செய்கிறேன் என்றேன். என்னிடம் ஒன்று கேட்கிறாளே. எத்தனை வருடம் கழித்து.

பதினெட்டாவது வாளியை இன்றே போட்டேன், சுத்திகரித்த தண்ணீரில். மால்ட் வெந்த வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. கொண்டாட நாலு பாட்டில்.

நவம்பர் 1, வெள்ளி

இறந்தவர்களை நினைக்கும் திருநாள், கல்லறைத் தோட்டத்தில் பகல் முழுக்க. மெழுகுவர்த்தி, சோறு, பன்றிக்கறி அடோபோ, சீட்டாட்டம், பக்கத்துக் கல்லறைக்காரர்களின் ரேடியோ. அப்பாவின் கல்மேல் ஒரு மூடி பீர் ஊற்றினேன்.

வரும் வழியில் ருஃபினா சொன்னாள்: "அவருக்கு ஒரு மூடி. உனக்கு ஏழு பாட்டில். எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

அப்பா ஐம்பத்தாறில் போனார். எனக்கு ஐம்பத்து நாலு. அவர் குடித்தது மட்டமான ஜின். இரண்டும் ஒன்றல்ல.

நவம்பர் 17, ஞாயிறு

பதினெட்டு. திறந்தேன்.

பிளாஸ்திரி.

தண்ணீர் காரணம் இல்லை என்றால் வேறு என்ன? இந்த முறை புளிப்பும் சேர்ந்திருக்கிறது. கிருமி புகுந்திருக்கிறது. வாளியின் உட்சுவரில் விரலை ஓட்டினேன், கீறல்கள் தட்டுப்பட்டன. கீறலுக்குள் பூச்சி பதுங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. வாளியை மாற்ற வேண்டும். ஈஸ்ட்டையும். நான் பயன்படுத்துகிற அமிலக் கரைசல் பழசாகிவிட்டதோ? அதையும் மாற்றிவிடலாம். முன்பெல்லாம் ப்ளீச் போட்டுத்தான் பாத்திரம் கழுவினேன். இரண்டு வருடம் முன்பே நிறுத்தியாயிற்று. பீர் காய்ச்சுகிற இடத்தில் ப்ளீச் வாசனையே ஆகாது என்று ருஃபினாவிடம் சொல்லி, துணி வெளுக்கிற அந்த பாட்டிலைக் குளியலறைக்கு மாற்ற வைத்தவன் நான்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று மாலை இந்த நோட்டில் ஏதோ எழுதியிருக்கிறேன். படிக்க முடியவில்லை. பேனா கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தூக்கக் கலக்கம்.

டிசம்பர் 1, ஞாயிறு

பத்தொன்பது. எல்லாம் புதிது – வாளி, மூடி, குழாய், ஈஸ்ட், கரைசல். கைகளை முழங்கை வரை கழுவினேன். குளிர் ஏறிவிட்டதால் வாளிக்குக் கம்பளி சுற்றினேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 3, செவ்வாய்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், பிள்ளைங்க பேசிக்கறாங்க."

"என்னன்னு?"

"மூக்கு இருக்கிறவங்க என்ன பேசுவாங்களோ அதைத்தான்."

வீட்டில் காய்ச்சுகிறேன், துணியில் வாடை ஒட்டிக்கொள்கிறது என்று விளக்கினேன். மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்னொரு தடவை கூப்பிட வெக்காதீங்க" என்றார்.

அவமானமாக இருந்தது. என் வகுப்பிலிருந்து மூன்று பேர் வேதியியல் படிக்கப் போயிருக்கிறார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

கிறிஸ்துமஸ் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை இன்று தொடங்கியது. ருஃபினா மட்டும் போனாள். என்னை எழுப்பினாளாம், நான் எழுந்திருக்கவில்லையாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

பத்தொன்பதும் போயிற்று.

முன்பைவிட மோசம். குடிக்கவே முடியாது. குடித்தேன்.

கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், ஐம்பத்து நாலு வயசில். ஏன்? ஒரு வாளி பீருக்காகவா? இல்லை – மாயுமிக்கு. அவள் என்னிடம் கேட்ட ஒரே ஒன்று. தண்ணீர் இல்லை, வாளி இல்லை, ஈஸ்ட் இல்லை, குளிர் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தாயிற்று. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுவே காரணம், அது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும்.

என்ன மிஞ்சியிருக்கிறது?

ஜனவரி 4, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

குளியலறையில் ப்ளீச் பாட்டில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாங்கியது, முக்கால்வாசி காலி. குளிரில் துணியே வெளுக்கவில்லையே இவள்! போன வாளியின் மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்ததும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்திருந்தேன்.

ப்ளீச் விழுந்தால் பீர் பாழாகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவனே நான்தான். "அந்த வாளிய ஒருநாள் தூக்கிச் சாக்கடையில ஊத்தறேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பாட்டிலை மேசைமேல் வைத்தேன். அவள் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. பாட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நான் தொடல, செல்மோ."

"வேற யாரு இருக்காங்க இந்த வீட்டுல? பேயா?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்டே. ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னே?"

"அந்த ரெண்டு தடவையும் நீ அழுதே. என் மடியில படுத்து அழுதே. காலையில எழுந்து முட்டை இருக்கான்னு கேட்டே."

என்ன பொய்! எவ்வளவு கூசாமல்! கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். பெற்ற மகள் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்க்கிறாய் என்றேன், அது மட்டும் நினைவிருக்கிறது.

அவள் திருப்பிக் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். லா திரினிதாதில் அக்கா வீட்டுக்கு. வாசலில் நின்று, "சோறு அடுப்புல இருக்கு" என்றாள்.

போகட்டும்.

ஜனவரி 11, சனி

இருபது. கல்யாணத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. யாருடைய கையும் படாமல் தனியாகப் போட்டேன். ப்ளீச் பாட்டிலைக் குப்பையில் எறியப் போனேன், பிறகு குளியலறை கழுவ வேண்டுமே என்று அங்கேயே வைத்துவிட்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. இப்போது பார்க்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது.

சனிக்கிழமை என் கையால் அழுத்தினேன், நாலு பக்கமும் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஞாயிறு நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நன்றாக இருந்ததா?

அவளிடம் சாவி இருக்கிறது. நான் பள்ளியில் இருக்கும்போது வந்து போகிறாள். இவ்வளவு வன்மமா?

ஜனவரி 18, சனி

பழைய போனைப் புத்தக அலமாரியில் நிறுத்தி, வாளியைப் பார்க்க வைத்து, ஓட விட்டிருக்கிறேன். இன்று எனக்கு விடுமுறை என்று அவளுக்குத் தெரியும். சந்தைக்குப் போவேன் என்றும் தெரியும். வரட்டும். மாயுமிக்குக் காட்டுகிறேன்.

(இதற்குக் கீழே கோடுகள். 'சுத்தம்' என்ற ஒரு சொல் மட்டும் படிக்க முடிகிறது. – ஜன. 19)

ஜனவரி 19, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

போன் பதிவில் மதியம் ஒன்றே கால். நான் சந்தையிலிருந்து வருகிறேன். பையில் காய்கறி இல்லை, ஜின் இருக்கிறது. இதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்கிறேன். குடிக்கிறேன். வேகமாக ஓட்டிப் பார்த்தேன். ருஃபினா வரவில்லை. யாரும் வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் அந்த ஆள் எழுந்திருக்கிறான். 'நான்' என்று எழுத கை வரமாட்டேன் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறான், ப்ளீச் பாட்டிலோடு வருகிறான். சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தண்ணீர் கலக்கிறான். கரண்டியை அதில் முக்கி முக்கிக் கழுவுகிறான். எவ்வளவு கவனம்! வகுப்பில் சோதனைக் குழாயைக் கழுவிக் காட்டுவேனே, அதே கவனம். பிறகு வாளியின் மூடியைத் திறக்கிறான். கரண்டி சொட்டச் சொட்ட உள்ளே போகிறது. மொண்டு குடிக்கிறான். மிச்சத்தைத் திரும்ப வாளியிலேயே ஊற்றுகிறான். மறுபடி கரண்டியைக் கழுவுகிறான். மறுபடி.

ஆறு தடவை. எண்ணினேன்.

பேசவும் செய்கிறான். போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். குழந்தையிடம் பேசுவது போல வாளியிடம் பேசுகிறான்: "நல்லா வந்துடுவே. நீ நல்லா வந்துடுவே. ருஃபினாகிட்ட சொல்லிடாதே, என்ன?"

பிறகு மூடியைத் தேடி எடுத்து வைக்கிறான். ஒரு பக்கம் பதியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்து எழுதுகிறான்.

இதில் ஒரு நொடிகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நொடிகூட. காலையில் எழுந்தபோது, நேற்று சீக்கிரம் தூங்கிவிட்டோம் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன்!

இப்படி எத்தனை சனிக்கிழமை? அவள் மடியில் அழுதது நிஜமா? அப்புறம் முட்டை கேட்டதும்?

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. வாளியைச் சாக்கடையில் ஊற்றினேன். டென்சியோ வீட்டுக்குப் போய் போனைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தான். பாதியில் நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வாளி விஷயம் தெரியாது பரே."

"மத்தது?"

"மத்தது ஊருக்கே தெரியும். உன்கிட்ட சொல்லத்தான் ஆள் இல்ல. நான்தான் சொல்லியிருக்கணும். நீ குடிக்கக் குடுத்தே, நானும் குடிச்சிட்டுச் சிரிச்சிட்டுப் போயிட்டேன்."

மீதமிருந்த மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், வாளி, தண்ணீர் கேன், எல்லாவற்றையும் அவன் ஜீப்னியில் ஏற்றிவிட்டேன். கல்யாண பீரை நீ காய்ச்சு என்றேன். என் கணக்குப்படியே, என் தண்ணீரிலேயே, என் வாளியிலேயே. ஒன்றை மட்டும் மாற்று, நான் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"நீ வராம எப்படி?"

"அதுதான் சோதனை."

ஜனவரி 23, வியாழன்

மூன்று நாள். குடியை நிறுத்தியதில் கை நடுங்குகிறது. கரும்பலகையில் என் எழுத்தைப் பார்த்து முன்பெஞ்சுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

லா திரினிதாத். ருஃபினாவின் அக்கா வீட்டு வாசலில் கேட்டுக்கு வெளியே நின்றேன். ருஃபினா வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை. கையில் மண், பின்னால் ஸ்ட்ராபெரிப் பாத்தியில் வேலையாக இருந்திருக்கிறாள்.

வீடியோ பார்த்ததைச் சொன்னேன்.

"நீ ஒரு தடவை பாத்தே. நான் மூணு வருஷமா நேர்ல பாத்துட்டிருக்கேன்."

"என்னை மன்னிச்சிடு, ருஃபினா."

"அதையும் முன்னாடியே கேட்டுட்டே. அதுவும் உனக்கு ஞாபகம் இருக்காது."

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "கல்யாணத்துக்கு நிதானமா வா. அது போதும்" என்றாள்.

வருகிறேன் என்று சொன்னேன். சத்தியம் செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதிமூன்று நாள்.

பிப்ரவரி 3, திங்கள்

பதிமூன்று நாளோடு சரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

டென்சியோ போன் செய்தான். பாட்டிலில் அடைத்துவிட்டானாம். அடைப்பதற்கு முன்னால் ருசி பார்த்தானாம். சொல்லத் தயங்கினான்.

"சொல்லு."

"சுத்தமா இருக்கு பரே. ஒரு குறை இல்ல. நீ எழுதி வெச்ச கணக்கு அவ்வளவு சரி."

தண்ணீர் சரி, மால்ட் சரி, வாளி சரி. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று கல்யாணம்.

பலிபீடம் வரை மாயுமியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். கை நடுங்கியது. "நானும்தான் நடுங்கறேன் பப்பா" என்று காதில் சொன்னாள். எதற்கு நடுங்குகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னாள். அந்த அளவுக்கு நான் நிதானமாக இருந்தேன். அதை எழுதி வைக்கிறேன்.

விருந்தில் மேசைக்கு மேசை பீர். பாட்டிலில் மாயுமியே அச்சடித்து ஒட்டிய சீட்டு, அதில் என் பெயர். சம்பந்தி கிளாஸோடு என்னிடம் வந்தார். "இத வீட்டுலயா காய்ச்சினீங்க? நம்பவே முடியல!" டென்சியோ தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள். மணமக்களுக்கு, பிறகு எனக்கு. என் கையிலும் யாரோ ஒன்றைத் திணித்தார்கள்.

மூக்கருகே கொண்டுபோனேன். பிளாஸ்திரி இல்லை, புளிப்பும் இல்லை. ரொட்டி வாசனை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். மூன்று வருடமாக நான் காய்ச்ச நினைத்த பீர் அதுதான். முப்பது வருடம் குடித்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது.

ருஃபினா நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தேன்.

அதற்குமேல் துண்டு துண்டாகத்தான். நடனம். மாயுமி என் கையிலிருந்து கிளாஸை வாங்குகிறாள், வெள்ளைக் கையுறையில் பீர் சிந்துகிறது. மாப்பிள்ளையின் தாயார் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார். யாரோ "இப்படி உக்காருங்க சார், இப்படி" என்கிறார்கள். காலையில் என் கட்டிலில் எழுந்தேன். செருப்பு கதவோரம் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. நான் அப்படி வைக்கிறவன் இல்லை.

மகளுக்குப் போன் செய்ய தைரியம் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மாயுமியிடமிருந்து ஒரு செய்தி: 'பப்பா, தண்ணி நிறைய குடிங்க. நாங்க போய்ச் சேர்ந்துட்டோம்.' அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 1, சனி

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

மார்ச் 12, புதன்

குடியை விட நினைப்பவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு அறையில் புதன்கிழமை தோறும் கூடுகிறார்கள். டென்சியோ ஜீப்னியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். "உள்ள வரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான், சவாரியை விட்டுவிட்டு.

பதினோரு பேர். பிளாஸ்டிக் நாற்காலி. காப்பி. ஒருவர் என் பழைய மாணவர். என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார், பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தார். என் முறை வந்தபோது காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வாளி, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ருஃபினாவுக்குப் போன் செய்தேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள்.

"போனேன்" என்றேன்.

"என்ன சொன்னே?"

"பேரு மட்டும்தான். வேற எதுவும் வாயில வரல."

அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம், பிறகு அரிசி களைகிற சத்தம். ஒரு தண்ணீர், இரண்டாம் தண்ணீர். அவள் அரிசியை அடுப்பில் ஏற்றும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.